ஒரு மடிக்கணினி, இரண்டு வாசல்

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள் அன்று தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. முதல் ஆண்டுக்கு மட்டும் 9.12 லட்சம் லேப்டாப்கள் என்று திட்டம். அதைப் பற்றிப் பேச வேண்டியதையெல்லாம் பேசிவிட்டோம் என்றுதான் தோன்றும். மூடியில் முதல்வர் படம் இருந்ததைக் கேலி பேசினோம். கைக்கு வந்த வேகத்தில் சிலர் அதை வெளியே விற்றதைப் பேசினோம். எத்தனையோ வீடுகளுக்குள் நுழைந்த முதல் கம்ப்யூட்டர் அதுதான் என்று நெகிழவும் செய்தோம்.

பேசாமல் விட்டது ஒன்று உண்டு. பவர் பட்டனை அழுத்தியதும், விண்டோஸ் திறப்பதற்கு முன்னால், சில விநாடிகள் மட்டும் வந்துபோன ஒரு கறுப்புத் திரை. அதில் இரண்டு பெயர்கள். ஒன்று விண்டோஸ். மற்றொன்று பாஸ் லினக்ஸ். அம்புக்குறிச் சாவியை ஒருமுறை தட்டினால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகலாம். தட்டாமல் விட்டால் எண் குறைந்துகொண்டே வந்து, ஏற்கெனவே தீர்மானித்து வைக்கப்பட்ட பெயர் திறந்துகொள்ளும்.

பழையதை அழிக்காமல், அதே கணினியில் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதை ‘டூயல் பூட்’ என்பார்கள். உலகம் முழுக்க இது கம்ப்யூட்டர் பைத்தியங்களின் ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு. தமிழ்நாட்டில் ஓர் அரசு இதை ப்ளஸ் டூ மாணவர்கள் கையில் லட்சக்கணக்கில் கொடுத்தது. ஆனாலும் அந்த இரண்டாவது வாசல் வழியே போனவர்கள் எத்தனை பேர்? என் வயதுக்காரர்களில் யாரைக் கேட்டாலும் ஒரே மாதிரி சிரிக்கிறார்கள். “அதுவா? அத அப்பவே தூக்கிட்டோம்ல.”

ஏன் தூக்கினோம் என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அது தமிழ்நாட்டுக்கு வெளியே, 1983-இல் தொடங்குகிறது.

நான்கு இடங்கள்

1983 மார்ச்சில் ஐபிஎம் நிறுவனம் பிசி எக்ஸ்டி என்ற கணினியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதில் 10 மெகாபைட் ஹார்ட் டிஸ்க். இன்று வாட்ஸ்ஆப்பில் வரும் ஒரு கல்யாண வீடியோ அதைவிடப் பெரிது. அந்த டிஸ்க்கின் முதல் 512 பைட்டில் ஒரு சின்ன ஏற்பாடு செய்தார்கள். 446 பைட் கணினியைத் துவக்கும் நிரலுக்கு, 64 பைட் ஓர் அட்டவணைக்கு, கடைசி 2 பைட் முத்திரைக்கு. அந்த அட்டவணையில் நான்கு வரிகள், வரிக்கு 16 பைட். ஒவ்வொரு வரியும் டிஸ்க்கின் ஒரு துண்டைக் குறிக்கும். பார்ட்டிஷன் என்று நாம் சொல்வது இதைத்தான்.

பத்து மெகாபைட்டை எதற்கு நான்கு பேருக்குப் பங்கு போட வேண்டும்? ஒரே கணினியில் டாஸ் இருக்கலாம், சிபி/எம்-86 இருக்கலாம், யூனிக்ஸ் வகை ஒன்று இருக்கலாம் என்று அன்று நினைத்தார்கள். எது ஜெயிக்கும் என்று யாருக்கும் தெரியாத காலம் அது. அதனால் எல்லோருக்கும் ஓரிடம் ஒதுக்கி வைத்தார்கள். பிசியின் ஹார்ட் டிஸ்க் பிறந்தபோதே ‘இன்னொன்றும் வரலாம்’ என்கிற எண்ணத்தோடுதான் பிறந்தது.

அப்படி ஒதுக்கிய இடத்தில்தான் லினக்ஸும் பிறந்தது. 1991 ஜனவரியில் ஹெல்சின்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் ஒரு 386 கணினி வாங்கினார். அதில் மினிக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டார். பல்கலைக்கழகக் கணினியோடு மோடம் வழியே பேச ஒரு சின்ன நிரல் எழுதத் தொடங்கினார். அது வளர்ந்து வளர்ந்து தனி இயங்குதளமாக ஆனது. அப்போதும் அவர் மினிக்ஸில் உட்கார்ந்துதான் லினக்ஸை எழுதிக்கொண்டிருந்தார். பழையது இல்லாமல் புதியது இல்லை. பிறகு ஒருநாள், மோடத்துக்கு அனுப்ப வேண்டிய டயல் கட்டளையை ஹார்ட் டிஸ்க்குக்கு அனுப்பிவிட்டார். மினிக்ஸ் இருந்த துண்டு காலி. திரும்ப மினிக்ஸ் போடுவதா, லினக்ஸிலேயே இருந்துவிடுவதா என்று யோசித்தவர், இரண்டாவதையே தேர்ந்தார். இன்று உலகின் பெரும்பாலான சர்வர்களும், ஆண்ட்ராய்டு போன்களும் ஓடும் லினக்ஸ், முதலில் ஒரு வீட்டுக் கணினியின் மாடிப் போர்ஷனில் குடியிருந்தது. கீழ்வீடு இடிந்த பிறகுதான் அது தனி வீடானது.

இடம் இருந்தால் மட்டும் போதுமா? போதாது என்பதற்கு பிஓஎஸ் கதை இருக்கிறது. ஆப்பிளில் இருந்து வெளியேறிய ஜான்-லூயி கஸே தொடங்கிய பி நிறுவனத்தின் இயங்குதளம் அது. 1998 வாக்கில் ஜப்பானின் ஹிட்டாச்சி, தன் கணினிகளில் விண்டோஸோடு பிஓஎஸ்ஸையும் சேர்த்துத் தர ஒப்புக்கொண்டது. தரவும் செய்தது. ஆனால் கணினியைத் திறக்கும்போது எது வேண்டும் என்று கேட்கும் திரை வரவில்லை. டிஸ்க்கில் பிஓஎஸ் முழுதாக இருந்தது. அது இருப்பது வாங்கியவர் கண்ணுக்குத் தெரியாது. கணினி நிறுவனங்களோடு மைக்ரோசாஃப்ட் போட்டிருந்த உரிம ஒப்பந்தங்கள்தான் காரணம் என்று பி நிறுவனம் 2002-இல் வழக்குப் போட்டது. 2003 செப்டம்பரில், தவறு எதையும் ஒப்புக்கொள்ளாமலே, மைக்ரோசாஃப்ட் 2.325 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. அதற்குள் பி நிறுவனம் தன் சொத்துகளை பாம் நிறுவனத்துக்கு விற்றுவிட்டிருந்தது.

ஒரு மெனுவின் மதிப்பு என்ன என்று யாராவது கேட்டால் நான் இந்தத் தொகையைத்தான் சொல்வேன். டிஸ்க்கில் எத்தனை இயங்குதளம் இருக்கிறது என்பது இரண்டாம் பட்சம். திறந்ததும் எது கேட்கப்படுகிறது, கேட்காமல் விட்டால் எது திறக்கிறது, அதுதான் சண்டை.

எல்காட்டும் பாஸும்

தமிழ்நாட்டில் அந்த மெனு தோன்றுவதற்குக் கொஞ்சம் முன்கதை உண்டு. 2000களின் பின்பாதியில் சி. உமாசங்கர் ஐஏஎஸ், எல்காட் எனப்படும் தமிழ்நாடு மின்னணு நிறுவனத்தின் நிர்வாக இயக்குநராக இருந்தார். எல்காட் தன் சொந்த அலுவலகத்தையே சூசே லினக்ஸுக்கு மாற்றியது. அரசுப் பள்ளிகளுக்கு வாங்கிய கணினிகளிலும் லினக்ஸ் ஏறியது. அதே காலத்தில், மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் ‘பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ்’ என்ற இயங்குதளத்தை உருவாக்கிக்கொண்டிருந்தது. சுருக்கமாக பாஸ். அது டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது. இந்திய மொழிகளில் திரையைப் பார்க்க, தட்டச்சு செய்ய வசதி உண்டு. 2007-இல் வெளிவந்தது. அந்தப் பாஸ்தான் மடிக்கணினிகளில் விண்டோஸின் பக்கத்து வீட்டுக்காரராக வந்து சேர்ந்தது.

என் தலைமுறைக்கு இதெல்லாம் அவ்வளவு அந்நியமும் இல்லை. நான் ப்ளஸ் டூவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தபோது பாடப்புத்தகத்தின் ஒரு தொகுதி முழுக்க ஸ்டார் ஆபீஸ். சன் மைக்ரோசிஸ்டம்ஸின் மென்பொருள். உலகமே வேர்டும் எக்செல்லும் பழகிக்கொண்டிருக்க, நாங்கள் ஸ்டார் ஆபீஸ் ரைட்டரில் எந்த மெனுவுக்குள் எந்தக் கட்டளை என்று மனப்பாடம் செய்தோம். காலேஜில் உபுண்டு சிடி கேட்டு எழுதினால் வெளிநாட்டிலிருந்து இலவசமாகத் தபாலில் வரும். ஷிப்இட் என்று பெயர். ஒரு மெகாபைட் இறங்குவதற்குள் டீ குடித்துவிட்டு வரலாம் என்ற பிரௌசிங் சென்டர் காலத்தில், 700 மெகாபைட் சிடி கவரில் வந்து இறங்குவது எவ்வளவு பெரிய விஷயம் என்று இப்போது சொன்னால் புரியாது. அந்தச் சேவை 2011 ஏப்ரலில் நின்றது. ஐந்து மாதம் கழித்து அரசே லினக்ஸை லேப்டாப்பில் வைத்து வீட்டுக்கு அனுப்பியது.

திண்டிவனம் பக்கத்துக் கிராமத்தில் என் சித்தி மகளுக்கு 2012-இல் அந்த லேப்டாப் கிடைத்தது. அரசுப் பள்ளி, ப்ளஸ் டூ. லீவில் போயிருந்தபோது திறந்து காட்டினாள்.

“அண்ணா, இது என்ன ரெண்டு பேரு காட்டுது?”

“ரெண்டு ஓஎஸ் இருக்குமா. எது வேணுமோ அதுக்குள்ள போலாம்.”

“மிஸ் எதுவும் சொல்லலியே. இன்னொண்ணுக்குள்ள போனா எதாச்சும் ஆயிடுமா?”

அந்தக் கேள்வியை நான் இன்றுவரை பலரிடம் கேட்டிருக்கிறேன். ஆபீஸில் புதிதாகச் சேரும் பொறியாளர்கள்கூட, வேறு வார்த்தைகளில், இதைத்தான் கேட்கிறார்கள். எதாச்சும் ஆயிடுமா. சொந்தப் பணத்தில் வாங்கியிருந்தால் துணிந்திருப்பாளோ என்னவோ. வீட்டில் இருக்கும் ஒரே விலையுயர்ந்த பொருள், அதுவும் அரசாங்கம் கொடுத்தது. போனால் இன்னொன்று வராது. பரிசோதனை செய்து பார்க்கும் தைரியம் மனசு சம்பந்தப்பட்டது என்று நினைக்கிறோம். பாதிக்கு மேல் அது பணம் சம்பந்தப்பட்டது.

நான் பாஸுக்குள் கூட்டிப்போனேன். திரை திறந்தது, தமிழில் எழுதிப் பார்த்தாள், சிரித்தாள். பிறகு தன் பாடப்புத்தகத்தை எடுத்து வந்து ஒரு சி++ நிரலை அடித்தாள். பிழை. பிழைக்கு மேல் பிழை.

இது அவள் தவறு இல்லை. பள்ளியில் சொல்லித்தந்தது டர்போ சி++. டாஸ் காலத்து நீலத் திரை. அதில் ஒவ்வொரு நிரலும் ‘ஐயோஸ்ட்ரீம்.எச்’, ‘கோனியோ.எச்’ என்ற இரண்டு வரிகளோடு தொடங்கும். உள்ளே திரையைத் துடைக்க ‘கிளியர் ஸ்கிரீன்’ கட்டளை இருக்கும். லினக்ஸில் இருக்கும் ஜிசிசி கம்பைலர் சி++ மொழியின் 1998 தரத்தைப் பின்பற்றுவது. பழைய பெயரில் இருக்கும் முதல் கோப்பை அது ஏற்காது. இரண்டாவது கோப்பு அதனிடம் கிடையவே கிடையாது. அதாவது, அரசு கொடுத்த இயங்குதளத்தில் அரசு கொடுத்த புத்தகத்தின் முதல் நிரல் ஓடாது.

அவள் லேப்டாப்பை மூடிவிட்டு, “எக்ஸாம்ல இதத்தான கேப்பாங்க” என்றாள். நியாயமான பேச்சு. மாற்றி எழுதிக் காட்டினேன், ஓடியது. ஆனால் நான் மறுநாள் கிளம்பிவிடுவேன். அந்த ஊரில் அடுத்து வரும் பிழைக்கு விடை சொல்ல யாருமில்லை.

ஒரு வருஷம் கழித்து லேப்டாப் மெதுவாகிவிட்டது என்று டவுனில் ஒரு சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனார்கள். கடைக்காரர் சித்தப்பாவிடம், “இன்னொரு ஓஎஸ் சும்மா இடத்த அடச்சிக்கினு இருக்குண்ணே, எடுத்துட்டு க்ளீனா போட்டுத் தந்துர்றேன்” என்று சொல்லியிருக்கிறார். எடுத்துவிட்டார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அவருக்குத் தெரிந்த வைத்தியம் அது. இப்படித்தான் போனது அந்த இரண்டாவது வரி. தடை ஆணை இல்லை, எதிர்ப்பும் இல்லை. ஊர் ஊராக, கடை கடையாக, ஃபார்மேட்டில் போனது.

ஐந்தரை மணி நேரம்

இரண்டு இயங்குதளங்களை ஒரே கணினியில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேடிக்கையான அனுபவம் வரும். லினக்ஸில் இருந்துவிட்டு விண்டோஸுக்குள் போனால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடும். மாலை ஆறு மணிக்கு மதியம் பன்னிரண்டரை என்று காட்டும். வைரஸ் என்று பயந்தவர்கள் உண்டு.

விஷயம் எளிது. கணினிக்குள் பேட்டரியில் ஓடும் ஒரு சின்னக் கடிகாரம் இருக்கிறது. அதில் இருப்பது உள்ளூர் நேரம் என்று விண்டோஸ் எடுத்துக்கொள்கிறது. அதில் இருப்பது உலகப் பொது நேரம், நாம்தான் இந்தியாவுக்கு ஐந்தரை மணி கூட்டிக்கொள்ள வேண்டும் என்று லினக்ஸ் எடுத்துக்கொள்கிறது. இரண்டும் ஒரே கடிகாரத்தைத்தான் பார்க்கின்றன. இரண்டும் தன் கணக்கில் சரி. ஏதாவது ஒரு பக்கம் ஓர் அமைப்பை மாற்றினால் ஐந்து நிமிஷத்தில் தீர்ந்துவிடும்.

அந்த ஐந்து நிமிஷத்தைச் சொல்லித்தர ஆள் இருந்தால் இது ஒரு பாடம். உலகப் பொது நேரம் என்றால் என்ன, நேர வலயம் என்றால் என்ன என்று ப்ளஸ் டூ மாணவி சொந்தக் கணினியில் கற்றுக்கொள்வாள். ஆள் இல்லையென்றால் இது “அந்த ஓஎஸ் டைம கெடுக்குது” என்று முடியும். டூயல் பூட்டில் வரும் எல்லாச் சிக்கலும் இந்த வகைதான். விண்டோஸை மறுபடி போட்டால் அது முதல் 512 பைட்டில் தன் துவக்க நிரலை எழுதிவிடும். மெனு காணாமல் போகும், லினக்ஸ் உள்ளேயேதான் இருக்கும். தெரிந்தவருக்குப் பத்து நிமிஷ வேலை. தெரியாதவருக்கு லினக்ஸ் போச்சு.

பக்கத்து மாநிலத்தைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். கேரளம் 2001 வாக்கில் ஐடி@ஸ்கூல் திட்டத்தைத் தொடங்கியது. படிப்படியாகப் பள்ளிகளைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றியது. தகவல் தொழில்நுட்பத்தைப் பத்தாம் வகுப்புத் தேர்வுப் பாடமாக்கி, செய்முறைத் தேர்வையே லினக்ஸில் வைத்தது. அதற்கு முன்பே ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்திருந்தது. புத்தகம், தேர்வு, ஆசிரியர், கணினி நான்கும் ஒரே பக்கம் பார்த்தன. நாம் மெஷினை மட்டும் லினக்ஸ் பக்கம் பாதி திருப்பி வைத்தோம். மற்ற மூன்றும் விண்டோஸையும் டாஸையும் பார்த்துக்கொண்டிருந்தன. 2014 ஏப்ரல் 8-இல் விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியபோது, அரசு அலுவலகங்கள் பாஸுக்கு மாறலாம் என்று தமிழக அரசு சொன்னது. மூன்று வருஷமாக அந்தப் பாஸைத் திறந்தே பார்க்காத ஒரு மாணவர் தலைமுறை, அதற்குள் காலேஜுக்குப் போய்விட்டிருந்தது.

கேரளத்தைப் போல் ஒரே வாசல் வைத்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எனக்கு இரண்டு வாசல்தான் பிடிக்கும். திரும்பி வர வழி இருக்கிறது என்று தெரிந்தால்தான் மனிதர்கள் புதிய இடத்துக்குத் தைரியமாகப் போவார்கள். ஆனால் இரண்டு வாசல் வைக்கிற வீட்டில், இரண்டையும் திறந்து காட்ட ஓர் ஆள் வேண்டும்.

விழுப்புரத்து ஆட்கள்

அந்த ஆள் விழுப்புரத்தில் வந்தார். ஒருவராக இல்லை, குழுவாக.

விழுப்புரம் ஜங்ஷனைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பாதை பிரிகிற ஊர் அது. சென்னையிலிருந்து வரும் ரயில் அங்கிருந்து கடலூர், மயிலாடுதுறை பக்கம் போகலாம். விருத்தாசலம், திருச்சி பக்கம் போகலாம். காட்பாடிக்கும் புதுச்சேரிக்கும் தனித்தனியாகப் பிரியலாம். ஊர் வழியாகப் போகிறவர்கள் அதிகம், ஊரில் இறங்குகிறவர்கள் குறைவு. இன்ஜினியரிங் முடித்தவர்களும் அப்படித்தான். திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிகள் வந்துவிட்டன, இரண்டு ஊரிலும் பழைய அரசு கலைக் கல்லூரிகள் உண்டு. ஆனால் படிப்பு முடிந்ததும் பஸ் பிடித்துச் சென்னைக்குப் போய்விடுவோம். ஐடி அறிவு என்பது ஜிஎஸ்டி ரோட்டில் ஒரே திசையில் போகிற சரக்கு.

2013-இல் தொடங்கிய விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு, விஜிஎல்யூஜி, இந்தத் திசையைக் கொஞ்சம் திருப்பியது. லினக்ஸ் பயனர் குழுக்கள் புதிதல்ல. சென்னையில் 1990களின் கடைசியிலிருந்தே ஒன்று இயங்கிவருகிறது. ஆனால் பெருநகரத்துக் குழுவில் பேசப்படுவது, ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டவர்களின் பேச்சு. சிறுநகரத்தில் ஒரு குழு இருப்பது வேறு. அங்கே வருகிறவர் சுற்றுவட்டாரக் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வரும் அரசுக் கல்லூரி மாணவர். கையில் இருப்பது பெரும்பாலும் அரசு கொடுத்த லேப்டாப். ஞாயிற்றுக்கிழமையில் கூடி, கட்டணம் வாங்காமல், கட்டற்ற மென்பொருள் வழியே நிரல் எழுதவும், வேலைக்குத் தயாராகவும் அவர்களுக்குச் சொல்லித்தருவதை அந்தக் குழு தன் வேலையாக எடுத்துக்கொண்டது.

பயனர் குழுக்களுக்கு ‘இன்ஸ்டால் ஃபெஸ்ட்’ என்று ஒரு பழைய வழக்கம் உண்டு. புதியவர் கணினியைத் தூக்கிக்கொண்டு வருவார். தெரிந்தவர் பக்கத்தில் உட்காருவார். முதலில் ஃபைல்களைப் பென்டிரைவில் பத்திரப்படுத்தச் சொல்வார். அடுத்து, எதையும் நிறுவாமலே பென்டிரைவிலிருந்து லினக்ஸை ஓட்டிக் காட்டுவார். வைஃபை வருகிறதா, சத்தம் கேட்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். பிடித்திருந்தால் விண்டோஸின் துண்டைக் கொஞ்சம் சுருக்கி, காலியான இடத்தில் புதியதைப் போடுவார்கள். மறுபடி திறந்தால் மெனு வரும். இரண்டுக்குள்ளும் போய் வந்து காட்டிய பிறகுதான் எழுந்திருப்பார்கள்.

இதில் தொழில்நுட்பம் என்று பெரிதாக எதுவுமில்லை. யூடியூபில் எல்லாம் இருக்கிறது. யூடியூபில் இல்லாதது, “எதாச்சும் ஆயிடுமா?” என்று கேட்டால் “ஆனா நான் பாத்துக்கறேன், பண்ணு” என்று சொல்கிற பக்கத்து நாற்காலி. அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அந்த நாற்காலியில் ஆள் இருப்பார் என்கிற நம்பிக்கை. சித்தி மகளுக்கு அன்று கிடைக்காதது அதுதான். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே சுமார் 40 கிலோமீட்டர். அந்தத் தூரத்துக்குள் இப்படி ஓரிடம் இருந்திருந்தால், ஃபார்மேட் செய்யச் சொன்ன கடைக்காரரிடம் மறுத்துப் பேச அவளுக்கு ஒரு காரணம் இருந்திருக்கும். மறுத்திருப்பாளா என்பது வேறு விஷயம். காரணத்தோடு “எடுத்துருங்க” என்று சொல்வதும் தேர்வுதான்.

ஒரு எண்

க்ரப் என்று ஒரு நிரல் இருக்கிறது. லினக்ஸ் போட்ட கணினிகளில் அந்தக் கறுப்புத் திரையைக் காட்டுவது பெரும்பாலும் அதுதான். அதன் அமைப்புகள் சாதாரண எழுத்துக் கோப்பு ஒன்றில் இருக்கின்றன. எத்தனை விநாடி காத்திருப்பது என்று ஒரு வரி. யாரும் எதையும் தொடாவிட்டால் எதைத் திறப்பது என்று இன்னொரு வரி. அங்கே ஒரு எண். கணினியின் சொந்தக்காரர் அதை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்.

அப்படி மாற்றலாம் என்று தெரிவதற்குப் பெயர்தான் கணினி அறிவு என்று எனக்குத் தோன்றுகிறது. லினக்ஸா விண்டோஸா என்ற சண்டையில் எனக்கு இப்போது அவ்வளவு ஆர்வமில்லை. ஆபீஸில் இரண்டும் பயன்படுத்துகிறேன். என் கவலை, சும்மா இருந்தால் எது திறக்கும் என்பதை யார் தீர்மானிக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. நம் போனில் எந்தத் தேடுபொறி, எந்த வரைபடம், எந்த ஏஐ முதலில் வந்து நிற்கிறது என்பதெல்லாம் அதே மெனுவின் இன்றைய வடிவங்கள். எண் ஓடிக்கொண்டிருக்கிறது. தொடாவிட்டால் ஏற்கெனவே யாரோ எழுதி வைத்தது திறந்துகொள்ளும்.

பாடப்புத்தகம் ஓரளவு மாறிவிட்டது. 2018-இல் வந்த புதிய பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியல் புத்தகத்தில் விண்டோஸோடு உபுண்டுவும் இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான் வந்துவிட்டது. அது எந்த இயங்குதளத்திலும் ஒரே மாதிரி ஓடும். 2025 மார்ச்சில் தமிழக பட்ஜெட், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப்போ டேப்லெட்டோ தருவதாக அறிவித்தது. அந்தக் கணினிகளில் இரண்டாவதாக ஒரு பெயரைச் சேர்க்கச் செலவு ஒன்றும் பெரிதில்லை. லினக்ஸுக்கு உரிமக் கட்டணம் கிடையாது. செலவு நாற்காலிக்குத்தான். மாவட்டத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை அறை, அதில் பொறுமையாகப் பக்கத்தில் உட்கார நாலு பேர். அதைச் செய்ய அரசாணை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பதைத்தான் விழுப்புரத்துக்காரர்கள் 2013 முதல் காட்டிவருகிறார்கள்.